நீரில் அமிழ்ந்த வீடும் கடனாளியின் மனசாட்சியும்

அரிசோனாப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிரென்ட் வைட் 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியிட்டு, மறு ஆண்டு வேக் ஃபொரஸ்ட் சட்ட ஆய்விதழில் அச்சேறிய ஆய்வுக் கட்டுரையொன்று, அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி பற்றி எழுதப்பட்டவற்றுள் தனியிடம் பெறத்தக்கது. அந்நெருக்கடியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் வங்கிகளைப் பற்றியும், கடன்களைப் பொதிகளாகக் கட்டி விற்ற முதலீட்டு நிறுவனங்களைப் பற்றியும் எழுதினர். வைட் கடனாளியின் உள்ளத்தைப் பற்றி எழுதினார். திருப்பிச் செலுத்தும் வசதி இருந்தும், செலுத்துவது நட்டம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் வீட்டுக் கடனைக் கைவிட்டு வெளியேறலாமா என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. வெளியேறலாம், வெளியேறாதிருப்போர் வெட்கத்தாலும் மிகைப்பட்ட அச்சத்தாலும் கட்டுண்டவர்கள் என்பது அவரது விடை. இவ்விடையை நாம் ஏற்கவில்லை. ஆயினும் இதை மறுப்போர் வழக்கமாக மறுக்கும் முறையையும் நம்மால் ஏற்க முடியவில்லை.

முதலில் நிலைமையை விளக்கிக் கொள்வது அவசியம். ஒரு வீட்டின் சந்தை விலை, அதன்மீது நிலுவையிலுள்ள கடனைவிடக் குறைந்துவிட்டால் அவ்வீடு நீருக்கடியில் போய்விட்டதாக அமெரிக்கர் கூறுவர். ஒருவர் 400,000 டொலருக்கு வீடு வாங்குகிறார். அதில் 380,000 கடன். மூன்றாண்டுகள் கழித்து அதே தெருவில் அதே அளவான வீடு 200,000 டொலருக்கு விலைபோகிறது. அவரது கடனோ சில ஆயிரங்களே குறைந்திருக்கிறது. இரண்டு இலட்சம் பெறுமதியான ஒரு பொருளுக்காக அவர் ஏறத்தாழ இருமடங்கைச் செலுத்தக் கடமைப்பட்டவராக நிற்கிறார். இது கற்பனைக் கணக்கெனினும் மிகையான கணக்கன்று. 2006இல் உச்சத்தைத் தொட்ட வீட்டு விலைகள் அடுத்துவந்த ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தன. லாஸ் வேகஸ், பீனிக்ஸ் ஆகிய நகரங்களில் பாதிக்கு மேல் சரிந்தன. 2009இன் மூன்றாம் காலாண்டில் அடமானக் கடனுள்ள வீடுகளில் சுமார் 23 சதவீதம், எண்ணிக்கையில் ஏறத்தாழ 10.7 மில்லியன் வீடுகள், இவ்வாறு அமிழ்ந்திருந்தன. நெவாடா மாநிலத்தில் இவ்விகிதம் 65 சதவீதமாக இருந்தது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் 1930களின் பெருமந்த காலம் முதல் நிலவும் ஒரு விதியின்படி, தாம் குடியிருக்கும் வீட்டை வாங்குவதற்கென்றே பெற்ற கடனைச் செலுத்தத் தவறியவரிடமிருந்து வங்கி வீட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய தொகைக்காக அவரது சம்பளத்திலோ ஏனைய சொத்திலோ கைவைக்க முடியாது. அரிசோனாவிலும் சாதாரணக் குடியிருப்பு வீடுகளுக்கு இதையொத்த பாதுகாப்பு உண்டு. புளோரிடாவில் வங்கி மிகுதித் தொகைக்காக வழக்குத் தொடரலாம். ஆகவே ஒரு பகுதியினருக்கேனும், வீட்டுச் சாவியை உறையிலிட்டு வங்கிக்கு அனுப்பிவிட்டு, எதிர்த் தெருவில் பாதி வாடகைக்குக் குடியேறுவது கைக்கெட்டிய தெரிவாக இருந்தது. சில ஆண்டுகளுக்குப் புதுக்கடன் பெறுவது கடினமாகும் என்பதே அதற்கான பிரதான விலை.

எனினும் பெரும்பாலானோர் அவ்வாறு வெளியேறவில்லை. லூயிஜி குயிசோ, பாவோலா சபியென்சா, லூயிஜி ஜிங்காலெஸ் ஆகிய பொருளியலாளர் மூவர் அதே காலத்தில் மேற்கொண்ட ஆய்வில், செலுத்த இயலும்போது கடனைக் கைவிடுவது ஒழுக்கத்துக்கு மாறானது என 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் கூறினர். பற்றாக்குறை வீட்டின் பெறுமதியில் பாதியை எட்டிய நிலையிலும் 17 சதவீதத்தினரே கைவிடுவோம் என்றனர். சந்தை மனிதன் என்ற பாடநூல் பாத்திரத்தை நம்புவோருக்கு இது விளங்காத புதிர். வைட் இப்புதிரை இவ்வாறு விடுவிக்கிறார்: மக்களின் இந்த வெட்கமும் அச்சமும் தாமாக முளைத்தவையல்ல, அரசும் சமூகக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் திட்டமிட்டு வளர்த்தவை. இலாப நட்டக் கணக்கையும் சட்டம் தரும் உரிமையையும் மறந்து, வாக்குறுதி பற்றிய ஒழுக்கத்துக்கு மட்டும் செவிசாய்க்குமாறு குடும்பங்கள் பழக்கப்படுத்தப்பட்டுள்ளன. கடன் கொடுத்த நிறுவனங்களோ ஒழுக்கத்தைப் பொருட்படுத்தாமல் தம் நட்டத்தைக் குறைப்பதிலேயே கண்ணாக இருக்கின்றன. ஒரு தரப்பு அறநெறியாலும் மறுதரப்பு சந்தை நெறியாலும் இயங்குவதால், வீழ்ச்சியின் சுமை அளவுக்கு மீறிக் குடும்பங்களின் தோளிலேயே இறங்குகிறது.

கட்டுரையின் இப்பகுதி உறுதியானது. அது வெளிவந்த சில மாதங்களுக்குள்ளேயே நடைமுறை நிகழ்வுகள் அதற்குச் சான்று பகர்ந்தன. 2009 டிசம்பரில் மோர்கன் ஸ்டான்லி நிறுவனம், விலை உச்சத்திலிருந்த 2007இல் தான் வாங்கிய சான் பிரான்சிஸ்கோ அலுவலகக் கட்டடங்கள் ஐந்தைக் கடன் கொடுத்தோரிடம் விட்டுவிடத் தீர்மானித்தது. 2010 ஜனவரியில் டிஷ்மன் ஸ்பையர் நிறுவனமும் அதன் கூட்டாளியான பிளாக்ரொக்கும், 2006இல் 5.4 பில்லியன் டொலருக்கு வாங்கிய, 11,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகளைக் கொண்ட நியூயோர்க் ஸ்டைவெசன்ட் டவுன், பீட்டர் கூப்பர் வில்லேஜ் தொகுதியைக் கடன் கொடுத்தோர் கையில் ஒப்படைத்து விலகின. அம்முதலீட்டில் கலிபோர்னிய அரச ஊழியர் ஓய்வூதிய நிதியம் இட்டிருந்த 500 மில்லியன் டொலர் அழிந்துபோயிற்று. இதை ஒழுக்கக்கேடு என எந்தப் பத்திரிகையின் வணிகப் பக்கமும் வர்ணித்ததாக நாம் காணவில்லை. அடுத்தது நகைப்புக்குரியது. அடமானக் கடன் வங்கியாளர் சங்கத்தின் தலைமை நிருவாகி, வீட்டுக் கடனைக் கைவிடுவோர் தம் குடும்பத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன செய்தியை விட்டுச் செல்கின்றனர் என்பதைச் சிந்திக்க வேண்டுமெனப் பகிரங்கமாகக் கேட்டிருந்தார். அச்சங்கமே 2007இல் 79 மில்லியன் டொலருக்கு வாங்கிய தன் வாஷிங்டன் தலைமையகத்தை 2010 பெப்ரவரியில் 41.3 மில்லியனுக்கு விற்றுவிட்டு வெளியேறியது. விற்ற விலை வாங்கிய கடனைவிட வெகுவாகக் குறைந்தது.

நிறுவனங்களின் நடத்தையைவிடச் சட்டத்தில் உறைந்துள்ள பாரபட்சம் பாரதூரமானது. அமெரிக்க வங்குரோத்துச் சட்டத்தின் கீழ், கடனில் மூழ்கிய ஒருவரது இரண்டாவது வீட்டின் மீதோ, வாடகைக்கு விடும் கட்டடத்தின் மீதோ உள்ள கடனை அச்சொத்தின் இன்றைய பெறுமதிக்குக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரமுண்டு. விவசாயிகளுக்கும் இத்தகைய நிவாரணம் உண்டு. அவர் குடியிருக்கும் ஒரே வீட்டின் கடனை மட்டும் அவ்வாறு தொட முடியாது. கோடைகால மாளிகைக்குக் கிடைக்கும் சலுகை, பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்கு இல்லை. இவ்விதியை மாற்றும் பிரேரணை 2009 ஏப்ரல் 30இல் செனட் சபையில் 45க்கு 51 என்ற வாக்குகளால் தோற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே வங்கிகளைக் காக்கப் பொதுப் பணம் ஒதுக்கப்பட்டாயிற்று என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். 2008 மார்ச்சில் திறைசேரிச் செயலாளர் ஹென்றி போல்சன், செலுத்தும் வசதியிருந்தும் வெளியேறுபவரை வெறும் ஊக வணிகர் எனவும் தம் கடப்பாட்டை மதியாதவர் எனவும் சாடியதை இப்பின்னணியில் வாசிக்கும் எவரும் வைட்டின் கோபத்தைப் புரிந்துகொள்வர்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் அதிலிருந்து அவர் இறக்கும் முடிபு வேறு. இரு தரப்பாருக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பது வலியவருக்கு எதிரான குற்றச்சாட்டு. வைட் அதை மெலியவருக்கான அனுமதிப் பத்திரமாக மாற்றிவிடுகிறார். வங்கி அறத்தைக் கைவிட்டதால் குடும்பமும் கைவிடுவதே சமநிலை எனில், அளவில் மோசடி செய்யும் வணிகனுக்குக் கள்ள நாணயம் கொடுப்பதும் சமநிலையே. அளவுகோல்கள் இரண்டாக இருக்கும்போது எந்த அளவுகோலுக்கு எதைப் பொருத்துவது என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. சந்தை நெறியே இயல்பானது, அறநெறி புறத்திலிருந்து திணிக்கப்பட்டது என்பது அவரது கட்டுரையின் வாதிக்கப்படாத எடுகோள். வெட்கம் என்பது வெளியிலிருந்து ஊட்டப்படக்கூடும், அது உண்மையே. வாக்களித்தோம், நிறைவேற்றவில்லை என்ற அறிவு உள்ளத்தில் ஏற்படுத்தும் உறுத்தலுக்கும் அதே பெயர்தான். ஹயா எனும் பண்பை ஈமானோடு இணைத்துப் பேசும் ஒரு மரபுக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று.

வைட்டின் சிந்தனைக்குப் பின்னால் அமெரிக்கச் சட்ட மரபில் வேரூன்றிய ஒரு கருத்து நிற்கிறது. ஒப்பந்தக் கடமை என்பது, நிறைவேற்றாவிட்டால் நட்டஈடு செலுத்த நேரும் என்ற முன்கணிப்பேயன்றி வேறில்லை என ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் 1897இல் வாதிட்டார். இதன்படி கடனாளிக்கு முன்னால் இரண்டு கதவுகள் உள்ளன: தவணையைச் செலுத்து, அல்லது வீட்டைக் கொடு. இரண்டும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டவை. எதைத் தேர்ந்தாலும் வாக்குறுதி மீறப்படவில்லை.

இவ்வாதத்தை நமது பிக்ஹு மரபின் ஒளியில் உரசிப் பார்ப்பது பயனுடையது. ரஹ்ன் எனப்படும் ஈட்டைப் பற்றி இமாம்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் ஈடு கடன் கொடுத்தவரிடம் உள்ள ஓர் அமானிதம். அவரது குற்றமின்றி அது அழிந்துபோனால் கடன் முழுமையாக நிலைத்திருக்கும். ஹனஃபி மத்ஹபில் ஈடு அவர் கைவசத்தில் அழியுமாயின் அதன் பெறுமதியளவுக்குக் கடனும் நீங்கிவிடும். இரு மத்ஹபினரும் வாழும் நமது சூழலில் இவ்வேறுபாடு வாசகர் பலருக்குப் பழக்கமானதே. பொருள் அப்படியே இருக்க, அதன் சந்தை விலை மட்டும் வீழ்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அவ்வளவு பழக்கமானதன்று. மர்கீனானியின் ஹிதாயா இதையும் தொடுகிறது. விலைச் சரிவினால் கடனில் எதுவும் நீங்காது என்பதே ஹனஃபி மத்ஹபில் நிலைபெற்ற கருத்து. இமாம் ஸுஃபர் இதில் மாறுபட்டார். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் மாவரா உந்நஹ்ரில் எழுதப்பட்ட ஒரு நூலில் லாஸ் வேகஸ் குடும்பத்தின் வழக்கு ஒரு வரியில் வந்துபோவதைக் காணும்போது வியப்பு ஏற்படுகிறது. எனினும் ஸுஃபரின் கருத்தை எடுத்து அமெரிக்கக் கடனாளியின் கையில் கொடுத்துவிட முடியாது. ஹனஃபி விதி ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவரின் கைவசம் இருப்பதை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்க அடமானத்தில் வீட்டில் குடியிருப்பவர் கடனாளியே.

ஆக, ஈடு என்பது கடனுக்கான உறுதிப்பாடு. கடனுக்கு மாற்றாக அது ஆகிவிடுவதில்லை. எஞ்சிய தொகையை அறவிட முடியாது எனக் கலிபோர்னியச் சட்டம் கூறும்போது வங்கியின் கையைத்தான் அது கட்டுகிறது. நீதிமன்றத்தின் முன் ஒருவருக்குள்ள பொறுப்பையும் அல்லாஹ்வின் முன் அவருக்குள்ள பொறுப்பையும் களாஅன், தியானத்தன் என நம் சட்ட அறிஞர்கள் வேறுபடுத்தியது இத்தகைய இடங்களுக்காகவே. காஸி அறவிட முடியாத கடனும் கடன்தான். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதன் வலுவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சட்டம் கடனுக்கு முன்பிருந்தே உள்ளது. வங்கி அதை அறிந்தே கடன் கொடுத்தது. வீட்டின் விலை வீழ்ந்தால் அந்த இடரில் ஒரு பங்கு தன்னுடையது என்பதும் அதற்குத் தெரியும். எனவே அம்மாநிலத்தில் சாவியைப் பெறும் வங்கி, தான் ஏமாற்றப்பட்டதாக முறையிட முடியாது. முறையிடும் தகுதி அதற்குக் குறைவு என்பது வரை நாம் வைட்டுடன் செல்லலாம். கடமையே இல்லை என்ற இடத்தில் பிரிந்துவிடுகிறோம்.

வைட்டும் போல்சனும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றனர் என்பது விசித்திரம். கடனாளிகள் யாவரையும் இருவரும் ஒரே ஆளாகவே காண்கின்றனர். ஒருவருக்கு அவர் கணக்கறியாத அப்பாவி, மற்றவருக்கு ஊக வணிகர். அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பேசுவது நெருக்கடியிலுள்ள கடனாளியைப் பற்றி. அவருக்கு அவகாசம் அளிக்கும் கடமை கடன் கொடுத்தவர் மீது அங்கு சுமத்தப்படுகிறது. தள்ளுபடி செய்வது அதனினும் மேலானதாகக் காட்டப்படுகிறது. வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவதை நபி (ஸல்) அவர்கள் அநீதி என்றே குறிப்பிட்டார்கள். இவ்விரு நிலைகளுக்கும் நடுவில்தான் மேற்சொன்ன பத்து மில்லியன் வீடுகளில் பெரும்பாலானவை இருந்தன. வேலையிழந்தவர் செலுத்த முடியாதவர். அவரைப் பற்றி விவாதமே தேவையில்லை. கஷ்டமேதுமின்றிச் செலுத்தக்கூடியவர், எதிர்த் தெரு வாடகை மலிவு என்பதற்காக மட்டும் வெளியேறுவாராயின் அவர் செய்வது அந்த அநீதியே. ஆனால் தவணையைச் செலுத்த முடிகிறது, செலுத்தினால் பிள்ளையின் கல்விக்கும் முதுமைக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை, இன்னும் பதினைந்து ஆண்டுகள் செலுத்தினாலும் வீடு நீர்மட்டத்துக்கு மேல் வருமா என்பது தெரியவில்லை. இந்தக் குடும்பம் வசதியுள்ளதா, நெருக்கடியில் உள்ளதா? சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்தால் முன்னது. வாழ்க்கையைப் பார்த்தால் பின்னதற்கே நெருக்கமானது.

இக்குடும்பத்திடம் நாம் என்ன கூற முடியும்? வலியவர் திருந்தும்வரை நீங்கள் நேர்மையாக அழிந்துகொண்டிருங்கள் என்பதை அறபோதனையாக ஏற்க நமக்கு மனம் வரவில்லை. கடன் கொடுத்தவரிடம் சென்று தன் நிலையை ஒளிவின்றி எடுத்துரைத்து, மூலத் தொகையைக் குறைக்கவோ, சந்தை விலைக்கு விற்க அனுமதிக்கவோ கேட்பது முதற்கடமை. கேட்டும் மறுக்கப்பட்டவர் வீட்டைச் சேதமின்றி ஒப்படைத்து, தன்னால் இயன்றதைத் தரும் எண்ணத்தைக் கைவிடாமல் வெளியேறுவாராயின் அவரைத் துரோகி என்று அழைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே நமது கருத்து. அந்தக் காலத்தில் மறுப்பே பொதுவிதியாக இருந்தது. ஒபாமா அரசு 2009இல் கொண்டுவந்த கடன் திருத்தத் திட்டம் மாதத் தவணையை வருமானத்தின் 31 சதவீதத்துக்கு இறக்க முனைந்ததேயன்றி, மூலத் தொகையில் கைவைக்கத் தயங்கியது. 2008 செப்டம்பர் முதல் அரசின் பொறுப்பில் இருந்த ஃபென்னி மே, ஃபிரெடி மெக் ஆகிய இரு பெரும் நிறுவனங்களின் கடன்களில் மூலத் தொகையைக் குறைக்க, அவற்றின் மேற்பார்வை அதிகாரி 2012இல் வெளிப்படையாகவே மறுத்தார். மாறாக, வசதியிருந்தும் வெளியேறுவோருக்கு ஏழாண்டுகளுக்குப் புதுக்கடன் இல்லை என ஃபென்னி மே 2010 ஜூனில் அறிவித்தது. அவகாசம் கொடுக்க மறுத்த கையே தண்டனையை நீட்டியது.

இன்னொரு வகையினரும் இருந்தனர். வைட் இவர்களைப் பற்றிப் போதிய அளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தம் நற்பெயர் கெடுமுன்னரே, பழைய வீட்டை வாடகைக்கு விடப் போவதாகப் பொய் கூறிப் புதுக்கடன் பெற்று, விலை வீழ்ந்த வேறொரு வீட்டை வாங்கிக்கொண்டு, அதன்பின் பழைய கடனைக் கைவிட்டோர் அவர்கள். இதைத் தடுக்கவே 2008இல் கடன் விதிகள் இறுக்கப்பட்டன. போகும்போது செப்புக் குழாய்களையும் சமையலறைப் பொருத்துகளையும் பெயர்த்துச் சென்றோரும் உண்டு. இவை நட்டத்திலிருந்து தப்புதல் அல்ல, பிறர் பொருளை அபகரித்தல்.

அமெரிக்க முஸ்லிம்களுக்கு இவ்விடயத்தில் ஒரு தனிச் சிக்கல் உள்ளது. மேற்கில் வாழ்வோர் வட்டிக் கடனில் வீடு வாங்கலாமா என்பது நெடுநாள் விவாதம். ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய மன்றம் 1999இல் தேவையின் அடிப்படையில் நிபந்தனைகளுடன் அனுமதித்தது; பலர் அதைக் கடுமையாக மறுத்தனர். மறுத்த தரப்பைச் சார்ந்த ஒருவர், ஒப்பந்தமே ஹராம், எனவே அது என்னைக் கட்டாது என வாதிட முடியுமா? முடியாது. வட்டியைத் தடைசெய்யும் அதே வசனத் தொடர் மூலதனத்தைக் கடன் கொடுத்தவரின் உரிமையாக விட்டுவைக்கிறது. வட்டி பற்றிய ஐயம் எவ்வளவு வலுவாயினும், பெற்ற பணத்தை அது நமதாக்கிவிடுவதில்லை.

கடன் கொடுத்தவர் யார் என்ற கேள்வியும் எஞ்சியிருக்கிறது. கடன்கள் கூறுபோட்டு விற்கப்பட்ட பின், சாவியை யாருக்கு அனுப்புவது என்பதே பலருக்குத் தெரியவில்லை. கோப்புகளை வாசிக்காமலே ஊழியர்கள் ஆயிரக்கணக்கான சத்தியக் கடதாசிகளில் ஒப்பமிட்டமை 2010இல் அம்பலமாயிற்று. 2012இல் ஐந்து பெரும் வங்கிகள் அதற்காக 25 பில்லியன் டொலர் இணக்கமொன்றுக்கு உடன்பட்டன. முகமற்ற ஒன்றுக்குத் தந்த வாக்கை மீறுவதில் உறுத்தல் குறைவது இயல்பே. ஆனால் அம்முகமின்மைக்குப் பின்னால் ஓய்வூதிய நிதியங்களும் வரி செலுத்துவோரும் இருந்தனர். அதைவிட அண்மையில், பக்கத்து வீட்டார் இருந்தனர். பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு தெருவின் ஏனைய வீடுகளின் விலையையும் இழுத்துச் செல்கிறது; ஒருவர் வெளியேறுவது அடுத்தவரை நீருக்குள் தள்ளுகிறது. மேற்குறித்த மூவரின் ஆய்வு, வசதியிருந்தும் வெளியேறிய ஒருவரை அறிந்திருப்போரே தாமும் வெளியேற அதிகம் விரும்பியதைக் காட்டியது. அண்டை வீட்டாரின் உரிமை வைட்டின் கணக்கேட்டில் எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை.

உண்மையில் கேட்கப்பட வேண்டிய கேள்வியை ஐந்தாண்டுகள் கழித்து வேறிருவர் கேட்டனர். அதிஃப் மியான், அமீர் சூஃபி ஆகிய பொருளியலாளர் 2014இல் வெளியிட்ட 'கடன் இல்லம்' எனப் பெயர்க்கத்தக்க நூல், விலை வீழ்ந்தால் நட்டத்தின் முதற்பங்கு முழுவதையும் கடனாளி தாங்குமாறு அடமானக் கடன் வடிவமைக்கப்பட்டிருப்பதையே நோயின் வேராகக் கண்டது. வட்டார வீட்டு விலைச் சுட்டெண் வீழ்ந்தால் தவணையும் குறைய வேண்டும். அதற்கு ஈடாக, விற்கும்போது கிடைக்கும் மூலதன இலாபத்தில் 5 சதவீதம் கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டும் என்பது அவர்களது முன்மொழிவு. முஷாரகாவில் நட்டம் மூலதனத்தைத் தொடரும் என்ற விதியை அறிந்த நமக்கு இது அந்நியமான குரலாகக் கேட்கவில்லை. ஆனால் இதைக் கூறி நாம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன், குறைந்து செல்லும் பங்குடைமை என்ற பெயரில் மேற்கிலும் நம் நாடுகளிலும் வழங்கப்படும் இஸ்லாமிய வீட்டு நிதி ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவற்றுட் பலவற்றில் நிறுவனத்தின் பங்கை வாடிக்கையாளர் வாங்கும் விலை தொடக்கத்திலேயே நிர்ணயிக்கப்படுகிறது. சந்தை பாதியாகச் சரிந்தாலும் அவ்விலை சரிவதில்லை. அதாவது லாஸ் வேகஸில் அவ்வகை ஒப்பந்தத்தில் வீடு வாங்கிய முஸ்லிமும், வட்டிக் கடனில் வாங்கிய அவரது அண்டை வீட்டாரும் 2009இல் ஒரே ஆழத்தில்தான் நின்றிருப்பர்.